ஓரத்தில் புள்ளி இருந்தால்

அது எந்த அராப் என்று தெரிந்துவிட்டால் போதும், மற்றதை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம் என்று பெனினாவுக்குத் தோன்றியது. பல்குச்சிக்கு ஒடிக்கிற உகா மரத்தின் தாழ்ந்த கிளையில், காய்ந்த இலையோடு ஒட்டிக்கொண்டு, இறக்கையை மூடியபடி உட்கார்ந்திருந்தது அந்த வண்ணத்துப்பூச்சி. அராப் என்பது அதன் இனப்பெயர். மூடிய இறக்கையில் ஒன்றும் தெரியாது. பழைய காகிதத்தின் மஞ்சள், அவ்வளவுதான். திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே வெந்த இறாலின் நிறம், அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. அந்தக் கறுப்புக்குள் இறால் நிறத்திலேயே சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் ஸ்மால் சால்மன் அராப். புள்ளி இல்லாமல், இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் நீலமும் சாம்பலுமாகத் தூள் அப்பியிருந்தால் ப்ளூ ஸ்பாட்டட் அராப். இரண்டும் இந்த மரத்தில்தான் முட்டையிடுகின்றன, இரண்டும் தரையை ஒட்டித்தான் பறக்கின்றன, ஆனால் இரண்டும் வேறு. வேறு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்துப் படமாகப் பார்க்கும்போது ஒரு சந்தேகமும் வராது. இங்கே, கண் கூசுகிற மணல் வெளியில், கையில் போன் வியர்வைக்கு வழுக்கிக்கொண்டிருக்கும்போது, புத்தகம் சொன்னது எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை. திற, என்றாள் மனசுக்குள். கொஞ்சம் திறந்து காட்டேன். அண்ணன் கூப்பிடுவதற்குள் காட்டிவிடு. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியின் பார்வையாளர் நேரம் பன்னிரண்டு மணி, அப்படியென்றால் இங்கே சவூதியில் ஒன்பதரை. அண்ணன் கிளாட்சன் ஐசியூவுக்குள் போய், கையைக் கழுவி, முகமூடி மாட்டி, அம்மாவின் கட்டிலருகே நின்று போனை எடுக்க இன்னும் கொஞ்சம் ஆகும். அந்தக் கொஞ்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் அவள் குவார்ட்டர்ஸைப் பூட்டிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் கிடக்கிற இந்த வறண்ட ஆற்றுப் பள்ளத்தில் இறங்கியிருந்தாள்.

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ஏசி ஓடுகிற சத்தம், யாரோ பக்கத்து அறையில் சிரமப்பட்டு மூச்சு விடுகிற சத்தமாகக் கேட்டது. அம்மாவுக்கு மூச்சு விடுகிற இயந்திரம் இன்னும் வைக்கவில்லை. வைக்க வேண்டியிருக்கலாம் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருக்கிறார். இருக்கலாம் என்றால் என்ன? இருக்கலாம் என்று ஒரு டாக்டர் எப்போது சொல்லுவார்? காலையில் அவள் கணவன் ஜான்ரோஸ், சிமெண்ட் ஆலையின் பஸ்ஸுக்குக் கிளம்புகையில், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான், "இன்னைக்கும் ஆபீஸ்ல போய் நிக்கேன். அந்த ஆளு லீவு முடிஞ்சு வந்திருந்தா கையோட வாங்கிருவேன்." "வரலைன்னா?" "வருவாரு." "வரலைன்னா அத்தான்?" அவன் கட்டிய லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். அவனை என்ன சொல்ல. இகாமா, இந்த நாட்டில் தங்கியிருக்கலாம் என்று சொல்லுகிற அட்டை, அவளுடையது காலாவதியாகி, புதுப்பிப்பதற்காகக் கம்பெனியில் எந்த மேசையிலோ கிடக்கிறது. அது புதுசாகி வந்தால்தான் நாட்டைவிட்டு வெளியே போக அனுமதி. அதைச் செய்கிற ஆள் லீவில் போயிருக்கிறார். அவருக்குப் பதிலாக இருப்பவர் நாளைக்கு என்கிறார், இன்ஷா அல்லாஹ் என்கிறார், நெஞ்சில் கைவைத்துத்தான் சொல்லுகிறார், உங்கள் மனைவியின் தாயாருக்காக நான் துவா செய்கிறேன் என்றும் சொல்லுகிறாராம். மனிதர் கெட்டவர் இல்லை. யாருமே கெட்டவர் இல்லை. ஒரே ஒரு கெட்டவர் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். போய்க் கத்தலாம், காலில் விழலாம், சாபம் விடலாம். இப்போது யார் மேல் விட? விமானத்தில் ஏறினால் ஐந்து மணி நேரம், திருவனந்தபுரம், அங்கேயிருந்து டாக்சி. மனசுக்குள் அந்தப் பயணத்தை எத்தனையோ தடவை போய்விட்டாள். பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனாள். களியக்காவிளையில் டாக்சி நிற்கும், மார்த்தாண்டத்தில் நெரிசல், தக்கலை, பார்வதிபுரம், ஆஸ்பத்திரி வாசல், லிஃப்ட். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் வரைக்கும்தான். மேலே போய் நிற்கும், கதவு திறக்காது. கதவு திறக்காத லிஃப்டுக்குள் நின்றுகொண்டு அவள் விழித்துக்கொள்வாள். விழித்தால் ஏசிச் சத்தம்.

வண்ணத்துப்பூச்சி பார்ப்பது அவளுக்கு ஆசைப்பட்டு வந்ததில்லை. நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் பத்துப் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவள். ஸ்லைடைத் தள்ளத் தள்ள இது லிம்போசைட், இது மோனோசைட் என்று கண் சொல்லும், விரல் கணக்குப் பொத்தானைத் தட்டும், நடுவில் யாராவது வந்து வீட்டுக் கதை பேசினால் வாய் அதற்குப் பதில் சொல்லும். கல்யாணம் பிந்தித்தான் நடந்தது. நடந்து இங்கே வந்தபோது, ஜான்ரோஸ் வேலைக்குப் போன பிறகு ஜன்னலில் தெரிந்தது வானமும் மணலும் சுவரும். கண்ணுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. கண்ணுக்கு வேலை இல்லாமல் போனால் மூளை தன்னையே தின்னும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் குப்பை கொட்ட வந்தவள் இந்தப் பள்ளத்தில் ஓர் ஆரஞ்சு நிறம் அலைவதைப் பார்த்தாள். வெந்தய வரியன்! ஊரில் எருக்கஞ்செடிப் பக்கம் பறக்குமே, அதே வெந்தய வரியன். ஆரல்வாய்மொழி பஸ் ஸ்டாண்டில் தினம் பார்த்த ஆளைத் திடீரென்று அந்நிய ஊரில் பார்த்த மாதிரி இருந்தது. படம் எடுத்து, பாலைவனப் பூச்சிகளுக்கென்று இணையத்தில் இருந்த ஒரு குழுவில் போட்டாள். ரியாத்திலிருந்து நஸ்ரீன் என்று ஓர் அம்மாள், பாகிஸ்தான்காரர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர், பதில் எழுதினார். பின் இறக்கையைப் பெரிதாக்கிப் பாருங்கள், நடுவில் மூன்று நான்கு கறுப்புப் பொட்டு இருக்கிறதா? அவள் பார்த்தாள். இல்லை, மேல் விளிம்பில் ஒன்றே ஒன்று. அப்படியானால் இது நீங்கள் நினைப்பது இல்லை, அதைப் போல வேஷம் போடுகிற வேறொரு பூச்சியின் பெண், பறவைகளே ஏமாறுகின்றன, நீங்கள் வருத்தப்பட வேண்டாம் என்றார் நஸ்ரீன். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் பெனினா முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் பெயிண்டட் லேடி வந்தது, டெசர்ட் ஒயிட் வந்தது, வேலமரத்து முட்களுக்குள் விரல்நகம் அளவில் நீலங்கள் வந்தன. பெயர் தெரியத் தெரிய, வெறும் வெளியாகக் கிடந்த இடம் ஆள் நடமாடுகிற தெருவாகிக்கொண்டு வந்தது. யார் எந்த மரத்தில் குடியிருக்கிறார்கள், யார் காலையில் வருவார்கள், யார் வெயில் ஏறினால்தான் வெளியே தலைகாட்டுவார்கள் என்றெல்லாம் ஜான்ரோஸிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவாள். "நீ என்னட்டி, வார்டு மெம்பர் மாதிரி பேசுக," என்பான் அவன்.

ஆனால் பார்க்கத் தெரிந்த கண் என்று அவள் வைத்திருந்த பெருமை போன செவ்வாய்க்கிழமை போயிற்று. கிளாட்சன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு வார்டு, பச்சைத் திரை, கட்டில், கட்டிலில் ஒரு கிழவர். கண்ணிமை வீங்கி, வாய் உள்ளே இழுத்து, தலைமுடியை ஒட்ட வாரிக் கட்டி, தாடை தொங்கிக்கொண்டு. பாவம் யாரோ பெரியவர் என்று நினைத்தாள். அம்மாவைத் தேடினாள். திரைக்குப் பின்னால் இன்னொரு கட்டிலின் கால் தெரிந்தது, அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், அங்கே ஒரு போர்வை நுனி இருந்தது, அந்தப் போர்வைதான் அம்மாவோ என்று அதை இன்னும் பெரிதாக்கினாள். அம்மா எங்கே என்று எழுதியும்விட்டாள். அனுப்புகிற பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் நின்ற நேரத்தில் கிழவரின் காது கண்ணில் பட்டது. காதில் துளை. தோடு கழற்றிய, இழுத்து நீண்டுபோன துளை. அப்புறம் அதை ஒருதரமும் கிழவராகப் பார்க்க முடியவில்லை. நெற்றி, புருவம், மூக்கின் சிறிய வளைவு என்று ஒவ்வொன்றாக அம்மா வந்து சேர்ந்தாள். பல் செட்டைக் கழற்றியிருக்கிறார்கள், கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான், யாருக்குமே அப்படித்தான் இருக்கும். எழுதியதை அழித்துவிட்டு, சாப்பிட்டாளா என்று எழுதினாள். யாருக்கும் தெரியாது. கிளாட்சனுக்குத் தெரியாது, ஜான்ரோஸுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சில நொடி இருந்தது. அந்தச் சில நொடியில் அவளுக்குத் தாய் இல்லை, ஒரு கட்டிலில் யாரோ கிடந்தார்கள், அவள் அவர்களைத் தாண்டிப் போனாள். பெற்றவளைக் காதுத் துளையைப் பார்த்துக் கண்டுபிடித்த மகள், இன்னைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அம்மா என்னைத் தெரியுதா என்று கேட்பது?

கேட்கக் கூடாது. அதை முடிவு செய்துவிட்டாள். மற்ற எல்லாரும் கேட்டுவிட்டார்கள். பெரியம்மா மகள் வந்து கேட்டாளாம், பாஸ்டரையா வந்து கேட்டாராம், யாரு வந்திருக்கா பாருங்க, தெரியுதா, யாரு சொல்லுங்க, பேரு சொல்லுங்க என்று. படுக்கையில் கிடக்கிறவளுக்குப் பரீட்சை. அதுவும் யாருக்கு? அம்மா ஞானப்பூவுக்கு! பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்துப் போட்டு ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் தட்டையும் பார்த்தவள். பஸ்ஸில் முன் சீட்டில் இருக்கிற பையனின் பிடரியைப் பார்த்துவிட்டு, "நீ மரியசெல்வத்துக்க மவன்லா? அந்தக் கழுத்து வேற யாருக்கு வரும்?" என்று கேட்பாள். பையன் திரும்பினால் மரியசெல்வத்தின் மகனாகத்தான் இருப்பான். இருட்டில் முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் ஆளைச் சொல்லுவாள், ஆள் என்ன காரியத்துக்கு வந்திருக்கிறது என்பதையும் சொல்லுவாள். பெனினா இங்கே வந்த முதல் வாரம் போன் போட்டு, பேச்சு வராமல் சும்மா நின்றபோது, அந்தப் பக்கத்திலிருந்து, "ஏன் பிள்ள, அழுதியா?" என்று குரல் வந்தது. மூச்சை வைத்துக் கண்டுபிடித்தவள். அவள் ஞாயிற்றுக்கிழமை, சோறு ஊட்டிக்கொண்டிருந்த கிளாட்சனைப் பார்த்து, "நீங்க போஸ்டாபீஸ்ல இருந்தா வாறிய?" என்று கேட்டிருக்கிறாள். அதை அவன் சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னான். "போஸ்டாபீஸாம் பெனி. என்னைப் பாத்தா அப்படியா இருக்கு?" அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம், "கிரியேட்டினின் ஏழுக்கு மேலயாம். சோடியம் நூத்திப் பத்தோ என்னமோ. அது கூடுதலா கொறவா பிள்ள? நீதான் அந்த வேல பாத்தவ." அந்த எண்கள் அவள் கண்ணுக்குள் போய் உட்கார்ந்தன. ஒன்று சிறுநீரகம் ஓய்ந்ததைச் சொல்லுகிற எண், மற்றது ரத்தத்தில் உப்பு குறைந்ததைச் சொல்லுகிற எண். லேபில் அப்படி எண் வந்தால் மறுபடி ஒருமுறை இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பார்கள், மறுபடியும் அதே வந்தால் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடுவார்கள். "கொஞ்சம் வித்தியாசம்தான் அண்ணா. மருந்துல சரியாவும்," என்றாள். தெரிந்ததால் என்ன ஆயிற்று? தெரியாத அண்ணன் அம்மாவின் பக்கத்தில் நிற்கிறான். தெரிந்த அவள் ஒரு மரத்தின் பக்கத்தில் நிற்கிறாள்.

திறந்தது. இதோ திறந்தது. பெனினா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, போனை மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுபோனாள். வலப்பக்க இறக்கையில் ஒரு கீற்று கிழிந்து போயிருந்தது. இறால் நிறம் என்று சொல்ல முடியாது, வெயிலில் பல தடவை காயப்போட்ட துணியின் நிறம். கறுப்புக் கரை இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்குக் கரையே இல்லை. செதில் உதிர்ந்து, அந்த இடம் வெங்காயத் தோல் போலக் கண்ணாடியாகி, அதன் வழியே பின்னாலிருக்கிற இலை தெரிந்தது. புள்ளி இருந்ததா? கறுப்பில் ஒரு வெளிறல் தெரிந்தது, அது புள்ளியா, உதிர்ந்த இடமா? உதிர்ந்த இடமே புள்ளியைப் போல இருந்தது. அடியில் நீலத் தூள்? சாம்பலாக ஏதோ இருந்தது, மணலாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று படம் எடுப்பதற்குள் மூடிக்கொண்டுவிட்டது. குழுவுக்கு அனுப்பினாள். பள்ளத்துக்குள் சிக்னல் மெலிவு. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து ஒருவழியாகப் போயிற்று. நஸ்ரீன் அந்நேரம் வகுப்பில் இல்லை போலிருக்கிறது, உடனே பதில் வந்தது. சொல்ல முடியாது, மிகவும் வயதான பூச்சி, இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இந்த நிலையில் இருப்பதை நாங்கள் ஏதோ ஓர் அராப் என்று மட்டும் போட்டு விட்டுவிடுவோம். பெனினாவுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. எப்படி விட்டுவிடுவீர்கள்? கரை போனால், புள்ளி போனால், அது இன்னதாக இருந்ததும் போய்விடுமா? முட்டையிலிருந்து வந்த அன்றைக்கே அது எதுவோ அதுதானே கடைசி வரைக்கும்? நன்றாகப் பாருங்கள், இன்னொரு தடவை பாருங்கள் என்று எழுதத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள். அந்த அம்மாள் என்ன செய்வார். அவரும் கெட்டவர் இல்லை. இந்தப் பூச்சிகள் பறக்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் இருக்கும், அதற்கு மேல் இருப்பதில்லை என்று அவர்தான் ஒருமுறை எழுதியிருந்தார். பெனினா எழுதியதை அழித்துவிட்டு, நன்றி என்று போட்டாள்.

கேஸை மூடினோமா? வெந்நீர் வைத்தது ஞாபகம் இருக்கிறது, இறக்கியது ஞாபகம் இருக்கிறது, மூடியது ஞாபகம் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? போகும்போது அழைப்பு வந்துவிட்டால்? குவார்ட்டர்ஸுக்குள் இரண்டு நாளாக வைஃபை இல்லை, மொபைல் சிக்னலும் நிலைக்காது. பூட்டைத் திறந்து அடுப்பைப் பார்ப்பதற்குள் மணி அடித்து நின்றுபோகும், கிளாட்சன் மறுபடி போடுவதற்குள் நர்ஸ் வெளியே போகச் சொல்லிவிடுவாள், அப்புறம் சாயங்காலம்தான். சாயங்காலம் என்பது நிச்சயமா? அந்த எண்ணத்தின் மேல் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். மூடியிருப்போம். எப்போதும் மூடுகிற கைதானே. அம்மாதான் பழக்கினாள், சத்துணவுக் கூடத்தில் ஒரு தடவை தீப்பிடிக்கப் பார்த்ததிலிருந்து, அடுப்பை விட்டு நகர்ந்தால் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகரணும் என்று. பார்த்தோமா? திரும்பிப் பார்த்தது அடுப்பையா, கண்ணாடியையா? கண்ணாடி முன்னால்தான் இன்றைக்கு வெகுநேரம் நின்றாள். அம்மா வாங்கித் தந்த மாம்பழ மஞ்சள் சுடிதாரைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொருத்தமாக இல்லை, அக்குள் பிடிக்கிறது. இருந்தாலும் அடையாளத்துக்கு. கண்ணாடியைப் போட்டுக்கொள்வதா கழற்றுவதா என்று யோசித்தாள், ஊரில் இருந்தபோது போட்டதில்லை, கழற்றிப் பையில் வைத்தாள். முடிதான் பிரச்சினை. இங்கே தண்ணீருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதால் தோள்வரைக்கும் வெட்டியிருந்தாள், அம்மாவுக்கு அது தெரியாது, தெரிந்தால் திட்டுவாள் என்று வீடியோவில் எப்போதும் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டே பேசியிருந்தாள். இன்றைக்கு ஷாலைத் தலையில் போட்டு முடியை மறைத்துக்கொண்டாள். முகம் மட்டும் தெரிந்தால் போதும். முகம் மாறவில்லையே? கன்னம் கொஞ்சம் கறுத்திருக்கிறது. யாராவது பார்த்தால் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நினைப்பார்கள். என்ன சொல்லித் தொடங்குவது? அம்மா நான் பெனி என்று சொன்னால் விடையை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி, அதற்கு அவள் ஆம் என்று தலையாட்டினாலும் நம்ப முடியாது. சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றால், அவள் பார்த்துக்கொண்டே இருந்து, பார்த்துக்கொண்டே இருந்து, நேரம் முடிந்துவிட்டால்? மூச்சை மட்டும் விடலாமா? அம்மா மூச்சில் கண்டுபிடிப்பாள். ஏன் பிள்ள, அழுதியா என்பாள். அதற்கு இல்லம்மா, ஜலதோஷம் என்று சொல்ல வேண்டும். இல்லம்மா, ஜலதோஷம். இல்லம்மா, ஜலதோஷம். உதடு அசைவது அவளுக்கே தெரிந்தது. வெயில் ஏறிக்கொண்டு வந்தது. மரத்தின் நிழல் அடிமரத்தை நோக்கிச் சுருங்கியது, அதற்குள் சுருங்கி நின்றாள்.

போன் அதிர்ந்தது. கிளாட்சன். அழுத்தினாள். "பெனி? கேக்குதா? ஏய், பெ..." என்று அவன் முகமூடி போட்ட முகம் சதுரம் சதுரமாக உடைந்து, பிறகு அப்படியே நின்றது. குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. பள்ளத்துக்குள் படம் வராது; எழுத்து போகும், குரல் பாதி வரும், படம் வராது. இது தெரியாதா உனக்கு, இவ்வளவு நேரம் கீழே நின்று என்ன செய்தாய் என்று தன்னையே வைதுகொண்டு கரைமேல் ஏறினாள். மணல் சரிந்தது, ஒரு செருப்பு புதைந்து கழன்றது, அதை விட்டுவிட்டு ஏறினாள், கையை ஊன்றிய இடம் அடுப்புக் கல்லாகச் சுட்டது. மேலே மரமில்லை, சுவரின் நிழலும் அந்நேரம் அந்தப் பக்கம் விழுந்திருந்தது. ஷால் எங்கேயோ தோளுக்கு இறங்கியிருந்தது. வெளிச்சத்துக்குப் போன் திரை கறுப்பாகத் தெரிந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் அதற்குள் வந்தான்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது அண்ணா. தெரியுது."

"கொஞ்ச நேரந்தான் தந்திருக்கு. இரு, அம்மைக்கிட்ட காட்டுதேன்."

கூரை வந்தது, டியூப்லைட் வந்தது, தொங்குகிற பாட்டில், நர்ஸின் முழங்கை, போர்வை. அப்புறம் அம்மா. தலையணையில் ஒருபக்கம் சாய்ந்த முகம். இந்த முறை பெனினாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கண் திறந்திருந்தது. வீங்கிய இமைகளுக்கு நடுவே இரண்டு கோடுகளாக இருந்த கண், போனைத்தான் பார்த்தது. பெனினாவுக்கு யோசித்து வைத்தது எல்லாம் மறந்துபோயிற்று. சிரித்தாள். சிரிக்கிறோமா என்றுகூடத் தெரியவில்லை, வாய் இழுத்துக்கொண்டது. ஒரு காலில் மணல் சுட்டது, காலை மாற்ற மனம் வரவில்லை, மாற்றினால் படம் ஆடும். கேட்காதே அண்ணா, என்று நினைத்தாள்.

"அம்மா, இது யாருன்னு பாரு. தெரியுதா?"

ஞானப்பூ பார்த்தாள். பஸ்ஸில் ஏறுகிற புது ஆளைப் பார்க்கிறது போல, நெற்றியிலிருந்து கீழே, திரும்ப நெற்றிக்கு. உதடுகள் அசைந்தன. பல் இல்லாத வாயிலிருந்து வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது.

"எவளோ ஒரு பிள்ள."

"எவளோவா? நல்லா பாரும்மா. நம்ம பெனி. சவூதியில இருந்து பேசுகா."

"வெயிலுல நிக்கு."

"அம்மா, நான் சொல்லுகதக் கேளு..."

"தலை காயுது பாரு." குரலில் எரிச்சல் ஏறியது. சத்துணவுக் கூடத்தில் வரிசையை விட்டு விலகி நிற்கிற பிள்ளைகளை அதட்டுகிற குரல், அதில் பாதியாவது இருந்தது. "யாரு பெத்த பிள்ளையோ. நெழலுக்குப் போகச் சொல்லுல."

படம் சாய்ந்தது. கிளாட்சன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கண் சிவந்திருந்தது. "பெனி, நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத, கேட்டியா? உப்பு கொறஞ்சதுனால அப்படித்தான் பேசுவாங்கன்னு டாக்டர் சொல்லுகாரு. சரியாயிட்டா..."

"எனக்குத் தெரியும் அண்ணா."

"சொல்லுல!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. கட்டில் கம்பியில் எதுவோ இடிக்கிற சத்தம். கிளாட்சன் திரும்பினான், ஊசி குத்தி ஒட்டியிருந்த கையைத் தூக்கி அம்மா கம்பியில் அடித்துக்கொண்டிருந்தாள். "எம்மா, கையை அசைக்காத! பெனி, நீ கொஞ்சம் நெழலுக்குத்தான் போயேன். அடங்க மாட்டேங்கா. உன்னப் பாத்துட்டு இருந்தா எழும்பிருவா போலிருக்கு."

"கீழ போனா படம் நின்னு போவும் அண்ணா."

போன் மறுபடி அம்மாவின் பக்கம் திரும்பியது. கண்ணின் அந்த இரண்டு கோடுகளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, வேறெதையும் இல்லை. யாரோ ஒரு பிள்ளை வெயிலில் நிற்கிறது, யாரும் ஒன்றும் செய்யவில்லை என்கிற தவிப்பு அந்த முகம் முழுக்க இருந்தது. பெனினா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிஷம், அரை நிமிஷம் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். கையைத் தூக்கி மறுபடி அம்மா கம்பியில் அடித்தாள்.

"போறேம்மா," என்றாள் பெனினா. "இதோ போயிட்டேன், பாருங்க."

போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, பின்பக்கமாகக் கரையில் இறங்கினாள். மணல் சரிந்து இழுத்தது. முதல் அடியில் குரல் கரகரத்தது. அடுத்த அடியில் அம்மாவின் நெற்றி தனியாக, வாய் தனியாகப் பிரிந்தது. கிளையின் நிழல் கையில் விழுந்தது, பிறகு தோளில், பிறகு தலையில்.

"ஆங்," என்றது குரல். உடைந்து, தூரத்திலிருந்து, ஆனால் சமாதானமாக. "அங்கனயே இரு."

படம் நின்றது. அண்ணன் ஏதோ சொல்லத் தொடங்கியது பாதியில் அறுந்தது. திரையில் சதுரங்களாக எதுவோ இருந்தது. அதில் எது கண், எது தலையணை என்று சொல்ல முடியவில்லை. மேலே ஏறினால் மறுபடி வரும். பெனினா கரையை நிமிர்ந்து பார்த்தாள், நாலைந்து எட்டுத்தான். போன் கையில் அப்படியே இருக்க, அவள் ஏறாமல், மரத்தின் அடியில் ஒட்டி நின்றாள்.